கல்லுக்கென்று ஒரு ஜோடி

கராஜின் பின்சுவரில் இரண்டு ஜோடி ஸ்கீ தொங்கும்.
ஒன்று நல்லது, ஜனவரிக்கு.
மற்றது கல்லுக்கு.

அடிப்புறம் முழுக்கக் கீறல்,
விளிம்பில் துரு.
இடதுகாலின் மூக்கு
எண்பத்தாறில் ஒரு பாறையை முட்டிப் பிளந்தது.
பசை வைத்து ஒட்டிக் கொடுத்தவன்
ரோசேர் பெல்க்கி.
அப்போது அவன் வெறும் பக்கத்துவீட்டான்.

வெர்மான்ட்டில் நவம்பர்
யாருக்கும் வேண்டாத மாதம்.
மேப்பிள் எல்லாம் கொட்டிவிட்டு
மலை, இறகு பிடுங்கிய கோழியாய் நிற்கும்.
மான் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பி தவிர
நிறமென்று ஒன்றும் இருக்காது.
ஆனால் ராத்திரி,
தெர்மாமீட்டர் உறைநிலைக்குக் கீழே இறங்கிய நொடி,
மேலே பனிப் பீரங்கிகள் உறுமத் தொடங்கும்.
பள்ளத்தாக்கில் ஒருவரும் தூங்கமாட்டோம்,
ஒருவரும் குறை சொல்லவும் மாட்டோம்.
படுத்தபடி எண்ணிக்கொண்டிருப்போம்:
ஆறு மணி நேரம். ஏழு.
இன்னும் ஒரு ராத்திரி போதும்.

திறக்கும்போது ஒரே ஒரு தடம்.
பழுப்புப் புல்லுக்கு நடுவே
யாரோ அவிழ்த்து வீசிய பேண்டேஜ்போல்
ஒரு வெள்ளைத் துண்டு.
அகலம் இரண்டு லாரி.
அதற்குள் முன்னூறு பேர்.
திரும்பத் தெரியாதவன் புல்லுக்குப் போவான்,
நிற்கத் தெரியாதவன் அடுத்தவன் மடிக்கு.

அதைப் பனி என்பதே ஒரு மரியாதைக்குத்தான்.
பீரங்கிக்குக் கீழே போனால்
கண்ணாடியில் மெழுகாய் உறையும்,
கையுறையால் சுரண்டிக்கொண்டே
குருட்டாம்போக்கில் இறங்குவோம்.
பாதி மலையில் வெள்ளை தீர்ந்துபோகும்.
அங்கிருந்து மறுபடி லிஃப்ட், கீழ்நோக்கி.
மாட்டிய ஸ்கீயோடு கால் தொங்க,
சேற்றுக்கும் ஓடைக்கும் மேலே,
தோற்ற படைபோல வந்து சேருவோம்
முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்போடு.

ஒரு வருஷம் திறப்பு செவ்வாய்க்கிழமை.
விடியுமுன் ஆலைக்குப் போன் போட்டேன்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு காய்ச்சல் என்றேன்.
எடுத்தவன் ராத்திரி ஷிஃப்ட் பையன்.
"நீங்களுமா?" என்றான்.
அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒன்பதரைக்கு, இரட்டை நாற்காலி வரிசையில்
"தனியாள்!" என்று கத்தினேன்.
"நானும்" என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்
ஃபோர்மேன் வெண்டல் ஷார்ட்ரண்ட்.
பச்சைக் கம்பளித் தொப்பி, மீசையில் ஐஸ்.
முதல் கம்பம் போனது,
நாலாவது போனது,
பேச்சில்லை.
ஒன்பதாவதில் லிஃப்ட் நின்றுவிட்டது.
காற்றில் நாற்காலி ஆட, அவர்
எதிரே பார்த்தபடியே சொன்னார்:
"இருமு, வெர்னா. கொஞ்சமாவது இருமு."
இருமினேன்.
அவரும் இருமினார்.

உச்சியில் எனக்கு வழி விட்டார்.
முதல் திருப்பத்திலேயே கல்.
கிரீச்சென்று ஒரு சத்தம், கருகிய வாசம்.
பின்னாலிருந்து அவர் சிரித்தது
இன்னும் காதில் இருக்கிறது,
அவர் இல்லை.

இப்போது மலை யாரோ தூரத்துக் கம்பெனியுடையது.
ஜிப்பில் கம்பி கோர்த்து
டிக்கெட்டை மடித்து ஒட்டுவதெல்லாம் போயிற்று,
என் பழைய நீல ஜாக்கெட்டில் மட்டும்
பதினொரு டிக்கெட் கற்றையாய்த் தொங்குகிறது.
போன நவம்பரில் வாசலில் டேண்டலியன் பூத்தது.
வறண்ட குளத்துக் கொக்குகள்போல்
சரிவு நெடுகப் பீரங்கிகள் சும்மா நின்றன.

என் முழங்கால் இரண்டும் இப்போது உலோகம்.
நல்ல ஜோடியைத் தேவாலய விற்பனைக்குக் கொடுத்தேன்,
அரை மணியில் போய்விட்டது.
கல்லுக்கானதை யாரும் கேட்கவில்லை,
நானும் கழற்றவில்லை.

நேற்று இரண்டு மணிக்கு உறுமல் கேட்டது.
ரோசேரைத் தட்டி எழுப்பினேன்.
"ஃப்ரிட்ஜ்" என்றான்,
போர்வையை இழுத்துத் திரும்பிப் படுத்தான்.
ஃப்ரிட்ஜ்தான்.

நெடுநேரம் கழித்து, இருட்டிலிருந்து:
"வெளியே எத்தனை டிகிரி?"